180 கப்பல் கொண்டுவந்த ஏதென்ஸ், 16 கப்பல் கொண்டுவந்த ஸ்பார்ட்டாவின் தலைமையை ஏன் ஏற்றது?

மரக்கலம் (கேள்வி):

வணக்கம். நான் வரலாற்று ஆசிரியை. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசர் செர்க்ஸஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்து வந்ததை இப்போது வகுப்பில் நடத்திக்கொண்டிருக்கிறேன். கிரேக்க நகரங்களின் கூட்டணி அவரை வென்ற சலாமிஸ் கடற்போர் வந்ததும், பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் தரும் கப்பல் கணக்கைப் பலகையில் எழுதினேன். ஏதென்ஸ் 180, கொரிந்து 40, ஏஜினா 30, மெகாரா 20, ஸ்பார்ட்டா 16. சின்னச் சின்ன நகரங்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 380 வருகிறது. அதற்குக் கீழே "தலைமைத் தளபதி: ஸ்பார்ட்டாவின் யூரிபியாடிஸ்" என்று எழுதினேனோ இல்லையோ, ஒரு மாணவி எழுந்துவிட்டாள். "பாதிக் கப்பல் ஏதென்ஸுடையது, யோசனை ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டாக்ளிஸுடையது. அப்புறம் 16 கப்பலோடு வந்தவர் எதற்குத் தலைவர்?"

யோசித்துப் பார்த்தால், நாம் படிக்கிற எல்லாவற்றிலும் யூரிபியாடிஸ் தயங்குகிற ஆளாகத்தான் வருகிறார். தெமிஸ்டாக்ளிஸ் இழுக்க, இவர் பின்னால் போகிறார். ஆலோசனைக் கூட்டத்தில் இவர் அடிக்கக் கோலை ஓங்கியதாகவும், தெமிஸ்டாக்ளிஸ் "அடித்துக்கொள்ளுங்கள், ஆனால் நான் சொல்வதைக் கேளுங்கள்" என்றதாகவும் பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியதுதான் எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. ஸ்பார்ட்டாவோ தரைப்போருக்குப் பெயர் போன நகரம். இவர் வெறும் பெயரளவுத் தலைவரா, இல்லை இவருக்கென்று உருப்படியான பங்கு ஏதும் உண்டா? கடல் வரலாறு அறிந்தவர்கள் சொன்னால் நாளை வகுப்பில் பகிர்ந்துகொள்வேன்.

நங்கூரம்:

அந்த மாணவிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இந்தப் போரில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நான் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்து கேப்டனாக ஓய்வு பெற்றவன். பிரேயஸ் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோன நாட்களில் இந்தப் போரின் மேல் பிடிப்பு வந்து, அதிலிருந்து விடாமல் படித்துவருகிறேன். அங்கே கன்டெய்னர் முனையம் இருப்பது போர் நடந்த நீர்ப்பரப்பின் வாசலில். மேற்கே சலாமிஸ் தீவு, அதிலிருந்து நாக்குபோல நீண்டு வரும் சைனோசூரா முனை, நடுவே சிட்டாலியா என்ற குட்டித் தீவு. நீரிணையின் குறுகலான பகுதி ஒரு கடல் மைல்கூட இல்லை. இந்த இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து ஆயிரம் கப்பலுக்குக் குறையாமல் மோதின என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், யார் கட்டளை கொடுத்தார்கள், அதை யார் கேட்டார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். தலைமைச் சண்டை சலாமிஸில் ஆரம்பிக்கவில்லை. போருக்கு முன்பே அது இரண்டு பெரிய நகரங்களைக் கூட்டணிக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆர்கோஸ், ஸ்பார்ட்டாவோடு 30 ஆண்டு சமாதானமும் தலைமையில் பாதியும் கேட்டது, கிடைக்கவில்லை, வரவில்லை. சிசிலியில் சிரகூஸை ஆண்ட கெலோன் 200 போர்க்கப்பல், 20,000 கனரகக் காலாட்படை, போர் முடியும்வரை படைக்குத் தானியம், எல்லாம் தருகிறேன் என்றார். நிபந்தனை ஒன்றே ஒன்று: தலைமை தனக்கு. ஸ்பார்ட்டாத் தூதர் ஒரேயடியாக மறுத்தார். கெலோன் இறங்கிவந்து, தரைப்படையோ கடற்படையோ ஏதாவது ஒன்றையாவது கொடுங்கள் என்றார். இந்த முறை மறுத்தது ஏதென்ஸ் தூதர். கடற்படைத் தலைமையை ஸ்பார்ட்டா விரும்பினால் விட்டுக்கொடுப்போம், வேறு யாருக்கும் தரமாட்டோம் என்றார். உங்களிடம் தலைவர்கள் இருக்கிறார்கள், பின்னால் வர ஆட்கள்தான் இருக்கமாட்டார்கள் என்று சொல்லி கெலோன் அவர்களை அனுப்பிவைத்தார். (சிசிலியில் அவருக்கு வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜின் அபாயமும் இருந்தது, அதே ஆண்டு அங்கே ஹிமெராவில் அவர்களோடு மோதினார்.)

ஆக, தலைமை என்ற ஒரு விஷயத்துக்காக 200 கப்பலை இழந்த கூட்டணி இது. அடுத்து மற்ற நகரங்கள் சொல்லிவிட்டன: ஸ்பார்ட்டாக்காரர் தலைமை என்றால் வருவோம், ஏதென்ஸுக்குக் கீழே நிற்கமாட்டோம், வற்புறுத்தினால் கூட்டணியே வேண்டாம் என்று. ஏஜினாவை நினைத்துப்பாருங்கள். ஏதென்ஸ் அந்தக் கப்பல்களைக் கட்டியதே ஏஜினாவோடு போரிட என்று சொல்லித்தான். கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸின் லாரியம் சுரங்கத்தில் வெள்ளி கொட்டியபோது, ஆளுக்குக் கொஞ்சம் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றிருந்த மக்களைத் தெமிஸ்டாக்ளிஸ் மாற்றி, கப்பல் கட்ட வைத்தார். அப்போது அவர் காட்டிய எதிரி பாரசீகம் இல்லை, கண்ணுக்கு எதிரே இருந்த ஏஜினா. மூன்றே ஆண்டில் அதே ஏஜினாவின் மாலுமிகள் ஏதென்ஸ் தளபதிக்கு எப்படிக் கீழ்ப்படிவார்கள்? கொரிந்துக்கும் இதே மனநிலைதான். ஸ்பார்ட்டா கடலில் போட்டியாளரே இல்லை என்பதால்தான் அத்தனை பேருக்கும் அது பொதுவான ஆளாக இருக்க முடிந்தது. 16 கப்பல்தான் என்பது அங்கே குறை இல்லை, தகுதி.

ஏதென்ஸ் விட்டுக்கொடுத்தது. பிற்பாடு சந்தர்ப்பம் வந்ததும் தலைமையைக் கையில் எடுத்துக்கொண்டது என்று ஹெரோடோடஸ் ஒளிக்காமல் சொல்கிறார். ஆனாலும் அந்த 480-இல், சொந்த நகரம் எரியப்போகிறது என்ற நிலையில், பெரிய படையை வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்களே, அதற்கு என் மனதில் பெரிய மரியாதை உண்டு. தெமிஸ்டாக்ளிஸின் தந்திரங்களைவிட இதையே நான் மேலே வைப்பேன்.

இப்போது யூரிபியாடிஸ். அரச குடும்பத்தைச் சேர்ந்தவர்கூட இல்லை. அவருக்குக் கீழே இருபது நகரங்களின் கப்பல்கள். ஒவ்வொரு நகரத் தளபதியும் தன் ஊர்க்காரர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியவர். இரவோடு இரவாகப் பாயை விரித்துப் போய்விட்டால் யூரிபியாடிஸால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட படையை, சலாமிஸுக்கு முன்பு, யூபோயா தீவின் வடமுனையான ஆர்டெமிசியத்தில் மூன்று நாள் கடற்போரில் நிறுத்திவைத்தார். மூன்றாவது நாள் முடிவில் ஏதென்ஸ் கப்பல்களில் பாதி சேதம். அன்றே, தரையில் ஸ்பார்ட்டா வீரர்கள் காத்துநின்ற தெர்மோபிலே கணவாய் விழுந்த செய்தி வந்தது. உடனே பின்வாங்கினார்கள், கொரிந்து முன்னால், ஏதென்ஸ் கடைசியில், வரிசை குலையாமல். தோல்விச் செய்தி கேட்ட கலப்புப் படை சிதறாமல் சலாமிஸ் வந்து சேர்ந்தது சின்ன விஷயம் இல்லை.

சலாமிஸ் கூட்டத்துக்கு வருவோம். எங்கே போரிடலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று யூரிபியாடிஸ் கேட்கிறார். பெரும்பாலானோர், தென்கிரேக்கத்துக்கு வழியான குறுகிய நிலப்பகுதியாகிய கொரிந்து நிலச்சந்திக்குப் போய்விடலாம் என்கிறார்கள். கூட்டம் நடக்கும்போதே ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸ் வீழ்ந்த செய்தி வருகிறது. சில தளபதிகள் முடிவைக்கூடக் கேட்காமல் கப்பலைப் பார்க்க ஓடுகிறார்கள். அன்றிரவு தெமிஸ்டாக்ளிஸ், யூரிபியாடிஸின் கப்பலுக்குத் தனியாக வந்து, "இங்கிருந்து கிளம்பினால் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள், உங்களுக்குக் கட்டளையிடப் படையே இருக்காது" என்கிறார். யூரிபியாடிஸ் முடிவான விஷயத்தை மறுபடி திறக்கிறார். நடுராத்திரியில் கூட்டத்தைத் திரும்பக் கூட்டுகிறார்.

என் தொழிலில் இதற்கு ஈடான ஒன்று உண்டு. துறைமுகத்தை நெருங்கும்போது பைலட் ஏறி வந்து வழி சொல்வார். அந்த நீர் அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. ஆனால் கப்பலுக்குப் பொறுப்பு நான். எப்போது அவர் பேச்சுக்கு வழிவிட வேண்டும், எப்போது என் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்த கேப்டனிடம்தான் பைலட்டின் அறிவு பயன்படும். தெமிஸ்டாக்ளிஸ் அந்த நீரை அறிந்தவர். அவர் சொன்னது நடக்க வேண்டுமானால், கொரிந்துக்காரரும் ஏஜினாக்காரரும் ஏற்கிற ஒருவர் வாயிலிருந்து கட்டளை வர வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தெமிஸ்டாக்ளிஸ் என்ன பேசினார் என்பதையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். தனியாகச் சொன்ன காரணத்தை, அதாவது "இவர்கள் ஓடிவிடுவார்கள்" என்பதை, அவர்கள் முன்னால் சொல்லவே இல்லை. சொன்னால் அவமானம் ஆகிவிடும் என்று ஹெரோடோடஸ் விளக்குகிறார். பதிலுக்கு, நம் கப்பல்கள் கனமானவை, எண்ணிக்கையும் குறைவு, அகலக் கடலில் நமக்குப் பாதகம், குறுகலில் சாதகம், இங்கே நின்றால் மெகாராவும் ஏஜினாவும் சலாமிஸில் இருக்கும் நம் பெண்டு பிள்ளைகளும் பிழைப்பார்கள் என்று பேசினார். கொரிந்துத் தளபதி அடிமாண்டஸ், ஊரே இல்லாதவன் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்று குத்தினபோதுதான் சீறினார்: ஆள் நிறைந்த 200 கப்பல் எங்களிடம் இருக்கும்வரை எங்களுக்கு ஊரும் உண்டு, நிலமும் உண்டு, வேண்டாமென்றால் குடும்பத்தோடு இத்தாலியில் இருக்கும் சிரிஸுக்குப் போய்விடுகிறோம் என்று. யூரிபியாடிஸ் தங்குவது என்று முடிவெடுத்தார்.

ஏட்டுச்சுவடி:

கேப்டன் ஐயாவின் பதிலை ரசித்துப் படித்தேன். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை.

முதலாவது, பணம். ஆர்டெமிசியத்திலிருந்து கிரேக்கர்கள் கிளம்பப் பார்த்தபோது, யூபோயா தீவு மக்கள் தெமிஸ்டாக்ளிஸிடம் 30 தாலந்து (அக்காலத்தின் பெரிய பண அளவு) கொடுத்தார்கள். அதில் ஐந்தைத் தன் சொந்தப் பணம்போல யூரிபியாடிஸிடம் கொடுத்து அவரைத் தங்கவைத்தார், அடிமாண்டஸுக்கு மூன்று, மீதியைத் தானே வைத்துக்கொண்டார் என்கிறது ஹெரோடோடஸின் வரலாறு. நீங்கள் மெச்சுகிற உறுதியில் இந்தப் பணத்துக்கும் இடம் இருக்கிறது. இரண்டாவது, சலாமிஸில் அவர் தங்க முடிவெடுத்தது ஏதென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில்தான் என்று ஹெரோடோடஸ் தன் கருத்தாகவே எழுதுகிறார். பயத்தை நிதானம் என்று சொல்லலாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொன்னால்தான் நியாயம். இந்தக் கதைகளில் பல, ஏதென்ஸில் புழங்கியவை. ஹெரோடோடஸ் எழுதிய காலத்தில் ஏதென்ஸுக்கும் கொரிந்துக்கும் ஜென்மப் பகை. சலாமிஸ் போர் தொடங்கியதும் அடிமாண்டஸ் பாய் விரித்து ஓடினார் என்று ஏதென்ஸ்காரர்கள் சொல்வதாக எழுதிவிட்டு, மற்ற கிரேக்கர் எல்லாரும் கொரிந்து முன்னணியில் நின்று போரிட்டதாகவே சாட்சி சொல்கிறார்கள் என்று அவரே சேர்க்கிறார். போரில் இறந்த கொரிந்துக்காரர்களுக்கான கல்லறைக் கல்வெட்டு சலாமிஸ் தீவிலேயே கிடைத்திருக்கிறது. தங்கள் மண்ணில் அந்தக் கல்லை நிற்க ஏதென்ஸ் விட்டது என்றால், ஓடிப்போன கதைக்கு என்ன மதிப்பு? யூரிபியாடிஸைப் பற்றிய பேச்சையும் இந்தச் சல்லடையில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆசிரியை இதை வகுப்பில் சொன்னால் நன்றாக இருக்கும்.

மேல்தட்டுத் துடுப்பு:

தலைவர்களைப் பற்றியே பேசுகிறோம், தண்டு வலித்தவர்களைப் பற்றி யாராவது சொல்ல வேண்டாமா? ஒரு ட்ரைரீம் கப்பலில் 170 பேர் துடுப்பு போடுவார்கள், மூன்று அடுக்கு. கப்பலுக்கு மொத்தம் 200 பேர். ஏதென்ஸின் 180 கப்பலுக்குக் கணக்குப் போட்டால் துடுப்பாளர் மட்டும் 30,600. குடும்பத்தை ட்ரொய்சென், ஏஜினா, சலாமிஸ் என்று கண்ட இடத்தில் விட்டுவிட்டு வந்த சாதாரணக் குடிமக்கள் இவர்கள். கவசம் வாங்க வசதி இல்லாத ஏழைகள்தான் அதிகம்.

கப்பல்களில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுக்குள் கட்டியவை. ஆள் போதாமல் ஆர்டெமிசியத்தில் பிளாட்டியா ஊரின் உழவர்களையும் ஏற்றினார்கள். கடல் பழக்கமே இல்லாதவர்கள், துணிச்சலால் வந்தவர்கள் என்று ஹெரோடோடஸ் எழுதுகிறார். எதிரே பாரசீகருக்காகப் போரிட்ட பினீசியர்கள், தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள். அகலக் கடலில் வளைந்து நெளிந்து பக்கவாட்டில் இடிக்கிற வித்தையில் அவர்களை வெல்ல முடியாது. குறுகலில் அந்த வித்தைக்கு இடமில்லை. நேராகப் போய் முட்டினால் போதும். தெமிஸ்டாக்ளிஸ் அந்த இடத்துக்காக அவ்வளவு மன்றாடியது தன் ஆட்களால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்ததால்தான்.

மரக்கலம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கெலோன் விஷயம் எனக்கே புதிது. நாளை அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். கேப்டன் ஐயாவிடம் இன்னொன்று கேட்கலாமா? தெமிஸ்டாக்ளிஸ் தன் வீட்டு அடிமை சிசின்னஸைப் பாரசீகத் தளபதிகளிடம் அனுப்பி, "கிரேக்கர்கள் ஓடப்போகிறார்கள், மடக்குங்கள்" என்று சொல்லவைத்தாரே, அது யூரிபியாடிஸுக்குத் தெரிந்து நடந்ததா? தெரியாமல் நடந்தது என்றால், தலைவரையே ஏமாற்றியதாக ஆகாதா?

நங்கூரம்:

தாராளமாகக் கேளுங்கள். ஹெரோடோடஸ் சொல்வதன்படி தெரியாமல்தான். மறுநாள் தளபதிகள் திரும்பவும் நிலச்சந்திப் பேச்சை எடுத்தார்கள், தன் பக்கம் தோற்கிறது என்று கண்டதும் தெமிஸ்டாக்ளிஸ் கூட்டத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்து சிசின்னஸை அனுப்பினார். பாரசீகர்கள் நம்பினார்கள். இரவிலேயே நீரிணையை மறித்து, சிட்டாலியாவில் ஆட்களை இறக்கினார்கள். அவர்களுடைய துடுப்பாளர்கள் அன்றிரவு தூங்கவே இல்லை. கரையில் ஓய்வெடுத்த கிரேக்கர்கள் மேல், இரவெல்லாம் தண்டு வலித்த கைகள் காலையில் மோதின. கடலில் உழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு இரவின் களைப்பு பல கப்பல்களுக்குச் சமம்.

இது ஏமாற்றுதான், நான் மழுப்ப விரும்பவில்லை. விஷயம் எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். நாடு கடத்தப்பட்டிருந்த அரிஸ்டிடீஸ், தெமிஸ்டாக்ளிஸின் பரம எதிரி, ஏஜினாவிலிருந்து மறிப்பைத் தாண்டி வந்து "சுற்றி வளைத்துவிட்டார்கள்" என்று அவரிடம் சொல்கிறார். தெமிஸ்டாக்ளிஸ், அது என் வேலைதான் என்று அவரிடம் ஒப்புக்கொண்டு, கூட்டத்தில் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் கட்டுக்கதை என்பார்கள் என்கிறார். அரிஸ்டிடீஸ் சொல்லியும் பலர் நம்பவில்லை. டீனோஸ் தீவுக் கப்பல் ஒன்று பாரசீகப் பக்கத்திலிருந்து தப்பி வந்து உறுதிசெய்த பிறகுதான் நம்பினார்கள். அந்த ஒரு கப்பலுக்காக டீனோஸின் பெயரை டெல்பி கோயிலில் வைத்த, பாம்புகள் பின்னிய தூண் வடிவ வெற்றிச் சின்னத்தில் பொறித்தார்கள். அந்தப் பாம்புத் தூண் இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது.

அதன் பிறகு சண்டை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. விடிந்ததும் எல்லாரும் கப்பல் ஏறினார்கள். ஏதென்ஸ் மேற்கு முனையில் பினீசியர்களுக்கு எதிரே. ஸ்பார்ட்டாவின் 16 கப்பல், பிரேயஸ் பக்கமான கிழக்கு முனையில், பாரசீகர் பக்கம் நின்ற ஐயோனியர்களுக்கு எதிரே. பெயரளவுத் தலைவர் நிற்கிற இடமா அது?

ஏட்டுச்சுவடி கேட்டதற்கும் சொல்கிறேன். ஐந்து தாலந்துக் கதையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் சில பத்தாண்டுகள் கழித்துவந்த கணக்குப்படி, ஒரே ஒரு கப்பலின் ஆட்களுக்கு ஒரு மாதக் கூலியே சுமார் ஒரு தாலந்து. பத்துக் கப்பலோடு ஆர்டெமிசியத்தில் நின்றவருக்கு ஐந்து தாலந்து அரை மாதச் செலவு. சொந்த மடிக்குப் போனதா, படையின் சோற்றுக்குப் போனதா என்று பார்க்க இடமிருக்கிறது. பயம் என்கிறீர்கள், பாதிப் படை போய்விடும் என்று பயப்படாத தளபதியைத்தான் நான் நம்பமாட்டேன்.

போருக்குப் பிறகு ஒரு முடிவு முழுக்க அவருடையது. ஆண்ட்ரோஸ் வரை துரத்திப்போன பின், ஹெல்லஸ்பான்ட் நீரிணைக்குப் போய், ஆசியாவிலிருந்து படை கடந்துவர செர்க்ஸஸ் போட்ட பாலங்களை உடைக்கலாம் என்று தெமிஸ்டாக்ளிஸ் சொன்னார். யூரிபியாடிஸ் மறுத்தார். வழியை அடைத்தால் அவன் இங்கேயே தங்கிப் போரிடுவான், நகரம் நகரமாகப் பிடிப்பான். ஓடுகிறவனை ஓடவிடுவதுதான் நமக்கு நல்லது என்றார். மற்ற தளபதிகளும் அதையே ஆதரித்தார்கள். தெமிஸ்டாக்ளிஸ் உடனே பேச்சை மாற்றி, துரத்தத் துடித்துக்கொண்டிருந்த தன் ஏதென்ஸ்காரர்களையும் அதற்கு இணங்கவைத்தார். செர்க்ஸஸ் ஆசியாவுக்குப் போனார். விட்டுப்போன தரைப்படையை அடுத்த ஆண்டு பிளாட்டியாவில் முறியடித்தார்கள். ஸ்பார்ட்டா இருவருக்கும் ஆலிவ் மாலை சூட்டியது: யூரிபியாடிஸுக்கு வீரத்துக்கு, தெமிஸ்டாக்ளிஸுக்கு அறிவுக்கு.

உங்கள் மாணவிக்கு இன்னொன்றும் சொல்லலாம். 478-இல் இதே கூட்டணிக் கடற்படைக்கு ஸ்பார்ட்டாவிலிருந்து பவுசானியாஸ் தலைவராக வந்தார். பிளாட்டியாவில் வென்ற பெரிய தளபதி. பைசான்டியத்தில் அவர் காட்டிய அதிகாரத்தைத் தாங்காமல் கூட்டாளிகள் தாங்களாகவே ஏதென்ஸிடம் போய்த் தலைமை ஏற்கச் சொன்னார்கள். அவருக்குப் பதிலாக ஸ்பார்ட்டா அனுப்பிய டோர்கிஸை யாரும் ஏற்கவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு ஸ்பார்ட்டா அந்தப் படைக்குத் தளபதியை அனுப்பவே இல்லை.